கிரேடர் சொன்னால்தான் பழம்

விஸ்கியை அவர் முதலில் கையில்தான் ஊற்றுவார். நாலைந்து சொட்டு, அதற்கு மேல் இல்லை. இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துப் பரபரவென்று தேய்த்து, முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொள்வார். தெரியாதவர்கள் பார்த்தால் மனிதர் சாமி கும்பிடுகிறார் என்றுதான் நினைப்பார்கள். விருந்துக்குப் போன இடத்தில் கிளாசைக் கையில் பிடித்துக்கொண்டு அவருக்காகக் காத்திருப்பது எங்களுக்கெல்லாம் எரிச்சலாக இருக்கும். "அண்ணே, கை கழுவ பைப்பு அந்தப் பக்கம் இருக்கு" என்று யாராவது கிண்டல் செய்வார்கள். அவர் கண்ணைத் திறக்கமாட்டார்.

"ஸ்பிரிட்டு மொதல்ல ஓடிரும்லா. அது ஓடுனதுக்கு அப்புறம் கையில என்னா நிக்கிதோ, அதான் சரக்கு" என்பார்.

ஈஜோக் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் அவருக்கு வேலை. லோரிகளில் வந்து இறங்கும் குலைகளைத் தரையில் கொட்டச் சொல்லி, இது பழம், இது அரைப்பழம், இது காய், இது அழுகல் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். அந்த வேலைக்கு கிரேடர் என்று பெயர். அதுவே அவருக்கும் பெயராகிவிட்டது. அவர் மனைவியே, "கிரேடர் குளிக்கிறாரு, உக்காருங்க" என்றுதான் சொல்வார். அவருடைய உண்மைப் பெயரை நான் முதன்முதலாகப் பார்த்தது அவருடைய இறப்பு அறிவிப்பில். அதை இங்கே எழுதினால் வேறு யாரையோ பற்றி எழுதுவதுபோல் இருக்கும். அதனால் எழுதவில்லை.

நான் லோரி வாங்கிய புதிது. சின்னத் தோட்டக்காரர்களிடம் குலைகளை எடுத்து ஆலையில் கொண்டுபோய் இறக்குவதுதான் என் தொழில். ஒரு நாள் தோட்டக்காரர் ஒருவர் அவசரப்பட்டுக் காய்களை வெட்டிப்போட்டிருந்தார். கறுத்த காய்களை அடியில் போட்டு, நன்றாகச் சிவந்த குலைகளாகப் பார்த்து மேலே அடுக்கிக்கொண்டு போனேன். எனக்கு அது பெரிய சாமர்த்தியமாகத் தெரிந்தது. கிரேடர் லோரியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். கையிலிருந்த கம்பியால் மேல் குலை ஒன்றைத் தட்டினார்.

"இது பொண்ணு பாக்க வந்தப்ப காட்டுன மொகம். கல்யாணத்துக்கு அப்புறம் உள்ள மொகத்தயும் பாத்துருவோம். கொட்டு."

கொட்டினேன். பாதி லோரியைத் திருப்பி ஏற்றிவிட்டார். வழி நெடுக அவருடைய வீட்டு நாய்வரை ஒன்று விடாமல் திட்டிக்கொண்டே வந்தேன். மறுநாள் சாப்பாட்டுக் கடையில் என் எதிரில் வந்து உட்கார்ந்து, எனக்கும் சேர்த்து ரொட்டிச் சானாய் சொன்னார்.

"கோவமா?"

"பின்ன?"

"நல்லா கோவப்படு. ஆனா அடுத்த தடவ காய அடியில வைக்காத, மேலயே வையி. குனிஞ்சு குனிஞ்சு பாத்து எனக்கு முதுகு போச்சு."

அன்றைக்கு ஆரம்பித்த பழக்கம். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர். அண்ணே என்று கூப்பிடுவேன், ஆனால் நண்பர்தான்.

அவரிடம் ஒரு குறை இருந்தது. குறை என்று நான் சொல்கிறேன், அவர் ஒப்புக்கொள்ளவே மாட்டார். எதையாவது வாயில் வைத்துவிட்டால் அதைப் பற்றிப் பொய் சொல்ல அவருக்கு வராது. வாய் கூசும் என்பார். ஆலைக்கு வெளியேயும் அதே தரங்கள்தான். அவர் வீட்டு விசேஷத்திலேயே மனைவி சமைத்த ஆட்டிறைச்சிப் பிரட்டலை நாற்பது பேர் முன்னால் "அரைப்பழம்" என்றார். அந்த அம்மாள் மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நாலாம் நாள் பேசியதைக் கேட்டபிறகு, பேசாமலே இருந்திருக்கலாம் என்று கிரேடர் எங்களிடம் சொன்னார். என் அம்மாவின் மீன் குழம்பை ஒரு தடவை "பழம்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அம்மாவுக்கு அவர் பேச்சுதான் வேதவாக்கு.

விஸ்கிக்கு வருகிறேன். விலை அதிகமான பாட்டில்களை அவருக்குப் பிடிக்காது என்று பலர் நினைத்தார்கள். அப்படியில்லை. நல்லதாக இருந்தால் நல்லது என்பார். ஆனால் அவரிடம் ஐந்தாவதாக ஒரு தரம் இருந்தது: நீளக் காம்பு. குலையை வெட்டும்போது காம்பை நீளமாக விட்டுவிட்டால் எடை கூடும், எண்ணெய் கூடாது. ஆலையில் அதற்குக் கழித்துவிடுவார்கள். தங்க எழுத்துப் பெட்டி, வெல்வெட் பை, பாட்டில் கழுத்தில் தொங்கும் சின்னப் புத்தகம் இவையெல்லாம் அவருக்குக் காம்பு. கோலா சிலாங்கூரில் ஒரு கல்யாண விருந்தில், வீட்டுக்காரர் பெட்டியோடு கொண்டுவந்து காட்டிய பாட்டிலை ருசி பார்த்துவிட்டு, "பழந்தான். ஆனா காம்பு ஒரு முழம் இருக்கு" என்று சொல்லிவிட்டார். அந்த வீட்டு விசேஷம் எதற்கும் எங்கள் இருவருக்கும் அதன்பிறகு அழைப்பு வரவில்லை. சொன்னது அவர், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாவத்துக்கு எனக்கும் வரவில்லை.

அவருக்குப் பிடித்தது மஞ்சள் மூடி. லேபிளில் வேறு ஏதோ பெயர் இருக்கும். நாங்கள் யாரும் அதை வாசித்ததில்லை. பல சரக்குகளைக் கலந்து ஸ்காட்லாந்திலிருந்து வருவது, சீனர் கடையில் கீழ்த்தட்டில் இருக்கும், நம்மைப்போன்ற ஆள் யோசிக்காமல் கையை நீட்டலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு முன்கூடத்தில் மூன்று பாட்டில்களுக்குச் செய்தித்தாளைச் சுற்றி, எது எது என்று தெரியாமல் அவருக்கு வைத்தோம். நாக்கைச் சுத்தம் செய்துகொள்ள கிரீம் கிராக்கர் பிஸ்கட் ஒரு தட்டு. ஐஸ், கோக் எல்லாம் தீர்ப்பு வந்த பிறகுதான். முதல் பாட்டிலுக்கு, "காய். தொண்டையில செரட்ட தேய்க்கிற மாதிரி இருக்கு." இரண்டாவதற்கு, "பழமா இருந்துருக்கும், யாரோ சாயத்த ஊத்திட்டானுங்க." மூன்றாவதைக் கையில் தேய்த்தார், முகர்ந்தார், ஒரு வாய் குடித்தார், இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு இன்னொரு வாய் குடித்தார். சிரித்துவிட்டார்.

"மஞ்சள் மூடி. மூக்குல வெல்லம், நாக்குல கொஞ்சம் பிஸ்கட்டு, உள்ள எறங்குறப்ப லேசா வெறகுப் பொகை. வந்துச்சு, ரெண்டு வார்த்த பேசிச்சு, மரியாதயா எந்திரிச்சு வீட்டுக்குப் போயிருச்சு. ராத்தங்கல. இந்த வெலைக்கு இதுக்கு மேல என்னாலா வேணும்?"

நான் அதே கிளாசை வாங்கிக் குடித்துப் பார்த்தேன். எனக்கு வெல்லமும் தெரியவில்லை, விறகும் தெரியவில்லை. விஸ்கிதான் தெரிந்தது. ஆனால் அவர் சொன்னபிறகு குடித்ததால் சந்தோஷமாக இருந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு முனியாண்டி கோயில் உண்டு. தோட்டத் தொழிலாளர்களின் பழைய லயங்கள் இருந்த இடத்தில், பாதையோரம். லோரிக்காரர்கள் புது வண்டி எடுத்தால் முனியாண்டிக்கு ஒரு பாட்டிலும் சுருட்டும் வைத்துப் படைக்காமல் ஓட்டமாட்டோம். வருடத்துக்கு ஒருமுறை பெரிய பூசை. அன்றைக்குப் படைக்கும் பாட்டிலை, பூசை முடிந்ததும் எல்லாருக்கும் ஒரு மூடி ஊற்றிக் கொடுப்பார்கள். அதை வாங்கும் பொறுப்பு கிரேடருக்கு. ஒரு வருடம் யாரோ மலிவான சம்சுச் சாராயத்தை வைத்துவிட்டுப் போயிருந்தார். கிரேடர் அதை எடுத்து வெளியே வைத்தார். "மனுசன் துப்புறத சாமிக்கு வைக்கிறதா?" என்று அன்று அவர் போட்ட சத்தம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இப்படிப்பட்டவரைத்தான் என் தங்கையின் சம்பந்தம் பேச அழைத்துக்கொண்டு போனோம்.

எங்கள் அப்பா இல்லை. தங்கை நாலு வருடமாக ஒரு பையனை விரும்பிக் காத்திருந்தாள். பையன் தங்கமானவன், அப்பாதான் பிரச்சினை. சுங்கை ஆயர் தாவாரில் இருந்தார். தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆபீஸ் நாற்காலியிலிருந்து இறங்கினாலும் அந்த மிடுக்கிலிருந்து இறங்காதவர். மூத்த மகனுக்குப் பேசிய முதல் சம்பந்தத்தை, பெண் வீட்டில் தன்னை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தார்கள் என்பதற்காகவே முறித்துக்கொண்டவர். எங்கள் பேச்சு நாலு வருடம் இழுத்ததும் அவரால்தான். ஒருவழியாக, ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருந்தார்.

"அண்ணே, உங்க கால்ல விழுறேன், கிரேடர மட்டும் கூட்டிட்டுப் போகாதீங்க" என்றாள் தங்கை.

"அப்பா இடத்துல பெரிய மனுசன் ஒருத்தர் வேணாமா?" என்று அம்மா கிளம்பிவிட்டார்கள். மீன் குழம்பு செய்த வேலை.

வேனில் போகும்போது நான் கிரேடரைக் கெஞ்சினேன். "அண்ணே, அந்த வீட்டுல எது குடுத்தாலும் நல்லா இருக்குன்னு சொல்லிருங்க."

"நல்லா இருந்தா சொல்றேன்."

"இல்லன்னா?"

"இல்லன்னா எப்படிலா சொல்றது?"

"பேசாமயாவது இருங்க."

"சரி. கேக்காத வரைக்கும் பேசல" என்றார்.

சாப்பாடு நல்லபடியாக முடிந்தது. அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் மூச்சு விட்டேன். அப்போதுதான் கிராணி எழுந்துபோய்க் கண்ணாடி அலமாரியைத் திறந்தார். பேட்மிண்டன் கோப்பைகளுக்கு நடுவில் ஒரு பாட்டில். பதினெட்டு வருடம் பீப்பாயில் இருந்தது. அவர் ஓய்வு பெற்றபோது தோட்ட மேனேஜர் கொடுத்தது. மூத்த மகள் கல்யாணத்தில் திறந்து மேனேஜருக்கு ஊற்றியதோடு சரி, பிறகு யாருக்கும் ஊற்றவில்லை. ஒவ்வொரு வாரமும் அவரே துணி வைத்துத் துடைப்பாராம். முக்கால் பாட்டில் இருந்தது. சாப்பாட்டு மேசையில் கொண்டுவந்து வைத்து, கிரேடரைப் பார்த்தார்.

"ஈஜோக் பக்கம் நீங்க சொன்னாதான் பழம்னு கேள்விப்பட்டேன். இதையும் பாத்துச் சொல்லுங்க."

கேட்டுவிட்டார். என் சட்டைப்பையில் தொலைபேசி அதிர்ந்தது. தங்கைதான். "என்னாச்சு?" என்று ஒரே வார்த்தை. பார்த்துவிட்டுத் தொலைபேசியைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டேன்.

கிரேடர் நாலு சொட்டுக் கையில் விட்டுத் தேய்த்து, முகத்துக்குக் கொண்டுபோனார். கண்ணை மூடியவர் உடனே திறந்துவிட்டார். அவரோடு பழகிய இத்தனை வருடத்தில் நான் அப்படிப் பார்த்ததில்லை. மறுபடியும் நாலு சொட்டு, மறுபடியும் தேய்த்தார். பிறகு கிளாசில் ஒரு விரல் அளவு ஊற்றிக் குடித்தார். தலையை நிமிர்த்தி, சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். வாசற்படியில் கிராணியின் மனைவி தட்டோடு நின்றுகொண்டிருந்தார். தட்டிலிருந்த கிளாசுகள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் கேட்டது. தொலைந்தோம் என்று நினைத்தேன். நாலு வருடக் காத்திருப்பை ஒரு வார்த்தையில் முடிக்கப்போகிறார் என்று அவர்மேல் அப்போதே கோபம் வந்துவிட்டது.

"கிராணி, நானும் முப்பது வருசமா குடிக்கிறேன்" என்றார் கிரேடர். "இந்த மாதிரி ஒண்ண நான் எந்த விஸ்கி பாட்டில்லயும் குடிச்சதே இல்ல."

கிராணியின் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கும் ஊற்றுவதற்காகப் பாட்டிலை எடுக்கப் போனார். கிரேடர் பாட்டில் வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

"ஊத்தாதீங்க. இத நம்ம குடிக்கக் கூடாது. எங்க முனியாண்டிக்குப் போகட்டும். பிள்ளைங்க கல்யாணம் முடிவானதுக்கு, நீங்க உங்க கையால குடுத்ததா இருக்கட்டும்."

முனியாண்டி பேரைச் சொன்னபிறகு யார் மறுப்பார்கள்? கிராணி எழுந்து, தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பாட்டிலை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். அம்மா உடனே கும்பிட்டார்கள். கல்யாணம் முடிவாகிவிட்டது. தங்கைக்குச் செய்தி அனுப்பினேன்.

கிளம்பும் முன் கிராணியின் மனைவி எல்லாருக்கும் தேநீர் கொண்டுவந்தார். கிரேடருக்குக் கடைசியாகக் கொடுத்தார்.

"சக்கர போதுமாண்ணே?"

கிரேடர் ஒரு வாய் குடித்துவிட்டுத் தணிந்த குரலில், "காலையில போட்டதுல கொஞ்சம் கூட. இதுல சரியா இருக்கும்மா" என்றார். அந்த அம்மாள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு உள்ளே ஓடினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

சுங்கை புரோங் வயல்கள் வந்தபோது அம்மா பின் இருக்கையில் தூங்கிப்போயிருந்தார்கள். பாட்டில் கிரேடர் மடியில் இருந்தது.

"அப்படி என்னாண்ணே ருசி?" என்றேன்.

"தேத்தண்ணி."

"என்னாது?"

"தே ஓலா. பாலில்லாத தேத்தண்ணி. சக்கர போட்டது. காலையிலதான் போட்டுருக்கு."

வேன் வாய்க்காலுக்குள் போகாமல் இருந்தது முனியாண்டி புண்ணியம். ஓரங்கட்டி நிறுத்தினேன்.

"உங்களுக்கு எப்படிண்ணே தெரியும், அந்தம்மாதான்னு?"

"பாட்டில தொறந்தப்ப எல்லாரும் பாட்டிலப் பாத்தீங்க. அந்தம்மா மட்டும் என் கையப் பாத்துச்சு."

இரண்டு பேரும் வாய்க்கால் கரையில் இறங்கி, அந்தப் பாட்டிலை மாற்றி மாற்றிக் குடித்தோம். கீழே ஊற்ற அவர் விடவில்லை, ஒரு அம்மாள் கைப்பட வைத்தது என்றார். அந்த நேரம் பார்த்து அம்மா விழித்துக்கொண்டார்கள். பட்டப்பகலில், நடுரோட்டில், பெற்ற மகனும் அப்பா இடத்துக்கு அழைத்துவந்த பெரிய மனிதரும் விஸ்கி பாட்டிலை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தால் எந்தத் தாய் சும்மா இருப்பாள்? அம்மா போட்ட சத்தத்தில் வயலிலிருந்த கொக்குகள் எழும்பிப் பறந்தன. கிரேடர் பாட்டிலை நீட்டினார். அம்மா மோந்து பார்த்தார்கள். ஒரு வாய் குடித்தார்கள்.

"சக்கர கூட" என்றார்கள்.

தஞ்சோங் காராங்கில் சீனர் கடை முன்னால் நிறுத்தச் சொன்னார் கிரேடர். மஞ்சள் மூடி ஒன்று வாங்கினார். தேநீர் பாட்டிலைக் கடைக் குழாயில் மூன்று தடவை கழுவிக் காயவைத்து, மஞ்சள் மூடியை அதில் முக்கால்வாசி ஊற்றினார்.

"எதுக்குண்ணே? வெறும் பாட்டில சாமி முன்னால வச்சுட்டு, வேற பாட்டில்ல இருந்து ஊத்துனா யாருக்குத் தெரியும்?"

"சாமிக்குக் குடுக்குறேன்னு வாயால சொல்லிட்டேன்லா. வாயால சொன்னது பாட்டில்ல இருக்கணும்."

அந்த வருடப் பூசைக்குக் கிராணி குடும்பத்தோடு வந்தார். தன்னுடைய பாட்டில் முனியாண்டி காலடியில் இருப்பதைப் பார்த்து அவருக்குப் பெருமை தாங்கவில்லை. பூசை முடிந்து ஆளுக்கு ஒரு மூடி ஊற்றினார்கள். கிராணி நாக்கில் வைத்துச் சப்புக்கொட்டினார்.

"பதினெட்டு வருசம்னா சும்மாவா! இந்த ருசி வேற எதுல வரும்?" என்று சொல்லிக் கிரேடர் பக்கம் திரும்பினார். "அன்னிக்கு நீங்க பழமா காயான்னு சொல்லவே இல்ல. இப்ப சொல்லுங்க."

கிரேடர் தன் மூடியைக் குடித்தார். கண்ணை மூடி நிதானமாகத் திறந்தார்.

"பழம். காம்பே இல்ல."

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. நான் கோயிலுக்குப் பின்னால் போய் வயிறு வலிக்கும்வரை சிரித்துவிட்டு வந்தேன். நான் திரும்பி வந்தபோது கிராணியின் மனைவி கிரேடரிடம் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். ஊரடங்குக் காலத்தில் தம்பி ஒருவன் வந்து மாட்டிக்கொண்டானாம். கடை கண்ணி எதுவும் திறக்காததால் கொஞ்சம் கொஞ்சமாகப் பாட்டிலைக் காலி செய்துவிட்டானாம். தெரிந்தால் வீட்டுக்காரர் தம்பியை வாசலில் ஏற்றமாட்டார்.

"மாசத்துக்கு ஒருக்கா மாத்திருவேண்ணே. இல்லன்னா பூசணம் பிடிச்சிருது" என்றார்.

"சக்கரையாலதாம்மா பிடிக்கிது" என்றார் கிரேடர்.

தங்கைக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். கிரேடர் போன வருடம் இறந்துபோனார். காலையில் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தவர், அப்படியே போய்விட்டார். அவரைத் திட்ட முடியாமல் நான் லோரி ஓட்டுவது எனக்கே பிடிக்கவில்லை. பாதி லோரியை யாராவது திருப்பி ஏற்றிவிட்டால் நன்றாக இருக்கும் என்று சில நாள் தோன்றுகிறது.

பதினாறாம் நாள் படையலுக்கு எல்லாரும் போயிருந்தோம். இலையில் ஆட்டிறைச்சிப் பிரட்டலை வைத்துவிட்டு அவர் மனைவி, "இன்னிக்காவது பழம்னு சொல்லட்டும்" என்று சொல்லி அழுதார். நான் மஞ்சள் மூடியைத் திறந்து ஒரு கிளாஸ் ஊற்றி வைத்தேன். தண்ணீர் இரண்டு சொட்டு. பக்கத்தில் கிரீம் கிராக்கர். கிராணியின் மனைவி கூடையிலிருந்து ஒரு பிளாஸ்கை எடுத்து, விஸ்கி கிளாசுக்குப் பக்கத்தில் பால் சேர்க்காத தேநீர் ஒரு கிளாஸ் ஊற்றி வைத்தார்.

"தண்ணி போடுற மனுசனுக்குத் தேத்தண்ணி எதுக்கு?" என்றார் கிராணி.

"அவருக்குப் பிடிக்கும்" என்றார் அந்த அம்மாள்.

படையல் முடிந்ததும் அந்தத் தேநீரை என் கையில் கொடுத்தார். ஆறிப்போயிருந்தது. குடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எப்படிப்பா இருக்கு?"

நல்லா இருக்கு அத்தை என்று வாய்வரை வந்துவிட்டது. கிரேடர் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு அதைச் சொல்ல எனக்கு வாய் கூசியது.

"சக்கர கொஞ்சம் கூட, அத்தை."

அந்த அம்மாள் சிரிக்க ஆரம்பித்தார். அம்மாவும் சேர்ந்துகொண்டார்கள். மூக்கைச் சிந்திக்கொண்டே நானும் சிரித்தேன். மஞ்சள் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு கிராணி எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"எழவு வீட்டுல என்னா சிரிப்பு? ஒரு கிளாஸ் தேத்தண்ணியில அப்படி என்னாதான் இருக்கு?"